பத்து

லிந்தாலுக்கு மேலே, பனியாறு முடிகிற இடத்தில்
உர்சினா இரண்டாம் முறை அழுதாள்.
முதல் அழுகையைக் காற்று தின்றுவிட்டது.
கைபேசியைப் பிடித்திருந்தது நான்.

அளவைக்காரர் சொன்னது இருபத்தைந்து ஆண்டு,
அதுவும் குத்துமதிப்பாக.
பத்து என்று எழுதியது நான்தான்.
பத்து ஓடும்; இருபத்தைந்து நொண்டும்.

ஓடியது.
பேர்ன் தமிழ்ப் பள்ளிக் குழுவுக்குப் போய்
ஒஸ்லோ மச்சாளைத் தொட்டு
எனக்கே திரும்பி வந்தது,
கும்பிட்ட கைகளோடும்
யாரோ ஒட்டிவிட்ட நகைக்கடை விளம்பரத்தோடும்.

நாலு லட்சம் இதயங்கள்.

வெள்ளி இரவு ஊர்க்கூட்டம்.
பள்ளிக்கூடத்து எண்ணெய்க் கொதிகலனை
மாற்றுவதா வேண்டாமா என்று
கை தூக்கச் சொன்னபோது
மாட்டுப்பண்ணை ஃப்ரிடொலின் எழுந்தார்.
"முதலில் இதைச் சொல்லுங்கள்,
பத்தா, இருபத்தைந்தா?"

எனக்கு இங்கே வாக்கில்லை.
பின்வரிசையில் இருந்தேன், நனைந்த சப்பாத்தோடு.
வாய் இருந்தது. திறக்கவில்லை.
உர்சினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
இம்முறை அழாமல்.

ஏழு கைகளால் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து
பத்தை வெட்டி, இருபத்தைந்து என்று திருத்தி,
திருத்தியது நான் என்றும் எழுதி
மறுபடி போட்டேன்.

விடியும்வரை பதினொரு பேர் பார்த்திருந்தார்கள்.
ஒருவர் ஃப்ரிடொலின்.
இதயம் ஏதும் இடவில்லை.