மறுமுறை முயல்க

கோத்தகிரியில் மூன்றாம் நாளாக மூட்டம்.
ஜன்னலுக்கு வெளியே டானிங்டன் இல்லை.
விரலில்லாத ஒரு வாசகனுக்கு
பிரவுசரை இயக்கும் விதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'அழுத்து: பொத்தான் தெரிந்தால் மட்டும் போதாது,
அழுத்த இடம்கொடுக்க வேண்டும்.
காத்திரு: முப்பது விநாடி.
தோற்றால் மறுமுறை முயல்க.'

சோதனைக்கு
வீட்டுக்காரர் போஜனின் கரண்ட் பில்லைக் கொடுத்தேன்.
நெட் திணறியது.
எழுதியிருந்தபடியே செய்தது அது:
மூன்று முறை கட்டிவிட்டது.

போஜன் திட்டவில்லை.
"நீ சொன்னதத்தானே கேட்டிருக்கு"
கொழுந்துப் பணம் ஏறிய மெசேஜைத்
தேடிக்கொண்டே சொன்னார்.

கடைசி வரியை அழித்தேன்.
'பணம் என்றால் முயலாதே.
ரசீது வந்ததா, பார்.
தெரியவில்லையா,
நில்.
ஆளைக் கேள்.'

கீழே கொண்டை ஊசி வளைவில்
ஒரு பஸ்
ஹாரன் அடித்துவிட்டு நிற்கிறது,
எதிர் ஹாரன் வருமா என்று.