டூ-வே

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டில்
நீளப் பத்திக்கு ஒரே ஒரு விளக்கு.
மேற்குப் பங்கு சிகப்பி ஆச்சிக்கு,
கிழக்குப் பங்கு உமையாள் ஆச்சிக்கு.
ஓரகத்திகள்.
ஒரு எவர்சில்வர் சம்படத்தில் பேச்சு நின்றது என்கிறார்கள்.
எனக்குத் தெரியாது. நான் வயர்மேன்.

கறுப்புக் குமிழ்ச் சுவிட்ச் மேற்குக் கதவோரம்.
பேச்சு இருந்தவரை ஒரு குரல் போதுமாம்,
வெளிச்சம் வந்துவிடுமாம்.
இப்போது உமையாள் ஆச்சி இருட்டில்
முப்பது எட்டு தடவி வரவேண்டும்,
அதுவும் அந்த வாசலுக்கு.
"எனக்குத் தனியா ஒண்ணு வை.
அவ அணைச்சாலும் என் பக்கம் எரியணும்."
அப்படி ஒரு சுவிட்ச்
எந்தக் கம்பெனியும் இன்னும் போடவில்லை, ஆச்சி.

செக்காலை ரோட்டுக் கடையில்
ஒன்-வேயும் டூ-வேயும் முகத்துக்கு ஒன்றேதான்.
திருப்பி முதுகைப் பார்க்கவேண்டும்:
இரண்டு கால் என்றால் தனிக்கட்டை,
மூன்று கால் என்றால் எதிரே ஓர் ஆள் உண்டு.
அழுத்தினால் 'டொக்' என்று ஒரே சத்தம் வரணும்;
இரண்டாய் வந்தால் வைத்துவிட்டு வா.

சுவரைக் கொத்த விடவில்லை இருவரும்.
அந்தச் சுண்ணாம்பில் முகம் தெரியும்,
உளி பட்டால் என் முகம் தெரியாமல் போகும்.
அதனால் உள்பெட்டி இல்லை, வெளிப்பெட்டி.
நிலைப்படித் தேக்கில் பித்தளைத் திருகு,
இரும்பு என்றால் இரண்டு மழையில் துரு வடியும்.
மேலே விட்டத்தை ஒட்டி கேசிங் பட்டி,
அதற்குள் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி.
தட்டு வெள்ளை வேண்டாம், பழைய மோர் நிறம்.
மூன்று ஓட்டைத் தட்டில் சுவிட்சுக்கு ஒன்று,
சாக்கெட்டுக்கு ஒன்று,
மூன்றாவதற்கு டம்மி அடைத்தேன்.
விட்டால் பல்லி குடும்பம் நடத்தும்.
சிவப்புப் பொட்டு வைத்த இன்டிகேட்டர் கேட்டார் உமையாள் ஆச்சி,
அவர் எப்போது போடுகிறார் என்று பார்க்கவாம்.
அதற்கு நியூட்ரல் இழுக்கணும், செலவு என்றேன்.
சரி, வேண்டாம் என்றார்.

கரண்ட் எந்த மீட்டரில்?
அதைக் கேட்கத்தான் எனக்குப் பயம்.
லைன் மேற்கிலிருந்து வருகிறது.
சிகப்பி ஆச்சி நெல்லிவற்றலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:
"ஒம்பது வாட்ஸ்தானே. இருந்துட்டுப் போகுது."

சேவுகன் கிழக்கில், நான் மேற்கில்.
அவன் போட்டான், நான் அணைத்தேன்.
நான் போட்டேன், அவன் அணைத்தான்.
"மேலே தள்ளினா எரியும், கீழே தள்ளினா அணையும்கிற கணக்கு
இதுல கிடையாது ஆச்சி.
அடுத்தவுங்க எப்படி விட்டிருக்காங்களோ அதைப் பொறுத்தது."
நான் சொன்னது மூன்றாவது காலை.
இருவரும் என்னை முறைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து போன்:
மேற்குச் சுவிட்ச் பிடிக்கவில்லை.
கழற்றினேன். ஸ்பிரிங் தளர்ந்து,
உள்ளே தாமிரம் கருகி இருந்தது.
லாட்ஜ் பாத்ரூமில்கூட இப்படித் தேயாது.
ஜோடியையும் பார்த்துவிடலாம் என்று கிழக்கே போனேன்.
பாதுகாப்புக்கு ஒட்டிவரும் நீல ஏடு
அப்படியே இருந்தது.
வீட்டுக்காரர் உரிக்கட்டும் என்று நான் விட்டுவந்தது.
ஒரு நகக்கீறல் இல்லை.

திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை.
திருகை முறுக்கும்போது ஆச்சியே சொன்னார்,
சுவரிடம் சொல்வதுபோல:
"அங்கே தாழ்ப்பாள் சத்தம் கேட்டா
இங்கே கை போயிருது.
அதுக்கென்ன இப்ப?"

ஒன்றுமில்லை ஆச்சி.
இது நல்ல ஐட்டம், நிறையத் தட்டலாம்.
சுவிட்ச் நூற்றுநாற்பது, கூலி உங்கள் இஷ்டம்.

வெளியேறும்போது கிழக்குக் கதவு ஒரு விரல் திறந்தது.
"என்னுதும் ரிப்பேரா?"
"இல்லீங்க ஆச்சி. புதுசு மாதிரியே இருக்கு."
"பின்ன? கேட்டுக் கேட்டு வச்சதாச்சே."
கதவு மூடியது.
பகல் இரண்டு மணி,
பத்தியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
சோதித்துவிட்டு அணைக்க மறந்திருந்தேன்.
எந்தப் பக்கம் போய் அணைப்பது என்று
கொஞ்சம் நின்றேன்.