ஒப்பீட்டுத் தோல்

ஊமேயோவில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
கட்டைவிரல் நீளக் குப்பியில்
முயலின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி,
நாலாயிரம் குரோனர்.

முயலுக்குப் பெயரில்லை, எண் உண்டு: 38.
காது நாளத்தில் ஊசி ஏறியபோது
அதற்குச் சுருக்கென்றிருக்கும்.

‘வளர்’ என்று நரம்பிடம் சொல்லும் ஒரு புரதம்;
அதைக் கேட்கும் ஏற்பி, டிரக்-ஏ.
கேட்காத நரம்பு
பிறக்கும் முன்பே கருகிவிடும்.

ஐலிக்கு ஏழு வயது. பயாலாவிலிருந்து
இரவெல்லாம் பேருந்தில் வந்தவள்.
நாக்கு நுனி இல்லை; பல் முளைத்த மாதமே
தானே கடித்துத் துப்பியது.
சவுனாவில் எல்லோரும் வழிய வழிய உட்கார்ந்திருக்க
இவள் மட்டும் வியர்க்காமல் சிவந்து மயங்கிவிட
அப்பா வெய்க்கோ தூக்கிக்கொண்டோடிப்
பனியில் புதைத்தாராம்.
வலி தெரியாதவள் வலியவள் என்று
பள்ளியில் பந்தயம் வைத்தார்கள்:
அடுப்புக் கம்பியை அதிக நேரம் பிடிப்பது யார்.
ஜெயித்தாள். பரிசு, உப்பு மிட்டாய் ஒரு பாக்கெட்.
உள்ளங்கைத் தழும்பை
அதற்கான ரசீதுபோல் நீட்டுகிறாள்.

அவள் தொடையிலிருந்து மூன்று மில்லிமீட்டர்.
ஒப்பிட நல்ல தோல் வேண்டும்;
சேமிப்பில் தீர்ந்துவிட்டது.
தாள்களில் கையெழுத்திட்டு
என் முன்கையைக் கொடுத்தேன்.

இரவு முழுக்க ஊறல். மூன்று கழுவல்.
ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி. மறுபடி கழுவல்.
என் துண்டில் மேல்தோலை நோக்கி
பச்சைப் பென்சிலால் குழந்தை கிறுக்கிய புல்.
அவளுடையதில் இருட்டு.
குப்பிதான் பழுதோ என்று திரும்பச் செய்தேன்.
இருட்டு.
இன்னோர் ஏற்பி, பி-75, அடிவரிசைச் செல்களில்
மங்கலாக இருந்தது,
ஆளில்லாத வீட்டில் அணைக்க மறந்த விளக்கு.

ஐலி திரையைப் பார்க்க வேண்டுமென்றாள்.
“எது என்னுது?”
காட்டினேன்.
“ஒண்ணுமே இல்லையே.”
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

பிறகு என் கைக்கட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள்,
என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.
அழுத்தினாள்.
“இப்பவா?”
இன்னும் இல்லை.
“இப்பவா?”
என் புருவம் என்னைக் கேட்காமல் சுருங்கியது.

விரலை எடுத்தாள். குனிந்து
கட்டின்மேல் ஊதினாள்.
யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்,
மூன்று முறை என்று.
எண்ணிக்கொண்டே ஊதினாள்.