ஒற்றைக் கொம்பு

நாகப்பட்டினம் சார்பதிவாளர் அலுவலக வாசலில்
பூவரச நிழல் பதினொரு மணிவரைதான் என் பக்கம்.
அதற்குள் இரண்டு கிரயம், ஒரு தானம்,
அண்ணனும் தம்பியும் முகம் பாராமல் கையெழுத்திட்ட
ஒரு பாகப்பிரிவினை.

வக்கீல் நெய்னா மரைக்காயர் ஒரு தாளை நீட்டினார்.
வெள்ளித் தகட்டில் வெட்டியதாம்.
தகடு கடல் தாண்டிப் போய்விட்டது,
ஜெராக்ஸ்தான் திரும்பி வந்திருக்கிறது.
"வடகழிப்பேட்டை கேசுக்கு வேணும், மங்கையர்க்கரசி.
பழைய எழுத்து. நீங்கதான் படிப்பீங்க."

பத்திரம் படிக்கிற கண்ணால்தான் படித்தேன்.
எழுதிக் கொடுத்தவர்: அரசர்.
எழுதி வாங்கியவர்: மூன்று பாய்மரத்தில் வந்த கம்பெனி.
பிரதிபலன்: ஆண்டுக்கு நானூறு பொன், நிலைக்கண்ணாடி ஒன்று.
காலவரை: சந்திர சூரியர் உள்ளவரை.
சாட்சி: அதே சந்திர சூரியர்.

மேற்கே வாய்க்கால். வடக்கே உப்பனாறு.
தெற்கே ஐயனார் தோப்பு.
கிழக்கே கடல்.
இதற்குட்பட்ட கிணறு, மாவடை மரவடை,
உப்பளம், தறி, குடிகள் உட்பட.
அந்த 'உட்பட'வுக்குள்
முந்நூறு அடுப்பு எரிந்திருக்கும்.

ஏழாவது வரியில் நின்றுவிட்டேன்.
சரக்கு இறக்கிவைத்துக் கொட்டை கட்டிக்கொள்ளவும்.

பழைய எழுத்தில் புள்ளி கிடையாது.
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
கொட்டையா கோட்டையா, தகடு சொல்லாது.
வாசிக்கிறவர் மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு.

கொட்டை என்றால் பஞ்சு, நூற்பதற்குச் சுருட்டி வைப்பது.
கோட்டை என்றால், வயல்காரர் யாரையும் கேளுங்கள்,
வைக்கோல் பிரியால் இறுக்கிச் சாணி மெழுகிய விதைநெல்.
அறுப்பு முடிந்தால் வீட்டுக்கு வீடு கோட்டை கட்டுவார்கள்.
கட்டுவது கயிற்றாலும் ஆகும்,
சுண்ணாம்பாலும் ஆகும்.

அரசர் எதை நினைத்தாரோ.
கம்பெனியார் செங்கல் சூளை போட்டார்கள்.

முதலில் பண்டசாலைக்கு மதில்.
மதிலுக்கு மூலை, மூலைக்கு ஒரு பீரங்கி,
பீரங்கி நனையக் கூடாதே என்று கொத்தளம்.
கேட்க வந்த காரியஸ்தருக்கு
ஏழாவது வரியைக் காட்டியிருப்பார்கள்.
எட்டாவதில் 'கப்பல் வந்து நிற்க' என்றும் இருக்கிறது.
எத்தனை கப்பல், இல்லை.
எத்தனை நாள், இல்லை.
வாயை எந்தப் பக்கம் திருப்பி நிற்கும், இல்லவே இல்லை.
ஈயக் குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் சொன்னவர்கள்
குப்பத்து ஆட்கள்; கூலி ஆளுக்கு ஒரு பணம்.
அதே ஆழத்தில் வலை விட
அடுத்த வருஷம் சீட்டு வாங்கினார்கள்.

இணைப்பில் இன்னொரு காகிதம், நூறாண்டு கழித்து.
பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில்,
தோற்ற சண்டைக்கு ஈடாக,
இந்தக் கம்பெனி வேறொரு கம்பெனிக்குப்
பேட்டையை எழுதிக் கொடுத்திருக்கிறது.
குத்தகைக்காரன் கிரயம் பண்ணியிருக்கிறான்!
என்னிடம் வந்திருந்தால்
வில்லங்கம் போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.
பேட்டையில் அன்று
கொடிமரக் கயிற்றில் வேறு துணி ஏறியது,
அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

"எப்படி எழுதட்டும் சார்?"
"நமக்கு எது சாதகம்?"
இப்போது கேட்டு வந்திருப்பது புதுத் துறைமுகக் கம்பெனி.
தொண்ணூற்றொன்பது வருஷம்.
'மற்றும் அது சார்ந்த பணிகள்' என்று ஒரு வரி.
அதற்குக் கொம்பே தேவைப்படவில்லை.

கூட வந்த நாட்டார் அஞ்சாப்புலி
கிழக்கெல்லையை விரலால் தொட்டார்.
"எந்தக் கடலு? அப்ப இருந்ததா, இப்ப இருக்கறதா?
அந்தச் சுவரு ரெண்டு பாகம் தண்ணிக்குள்ள கெடக்கு.
என் வலையை ரெண்டு தடவ கிழிச்சிருக்கு."

மரைக்காயர் அதைக் குறித்துக்கொண்டார்.
வலை விலை எவ்வளவு என்று கேட்டார்.

நான் பென்சிலால் ஒற்றைக் கொம்பு போட்டேன்,
தகட்டில் இருந்தபடி.
நிழல் போய்விட்டிருந்தது.
நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு
அடுத்தவர் யார் என்றேன்.