மொய்

அறுபதுகளில் நாங்கள் தட்டினோம்.
பிரிட்டனுக்கென்று பாரிஸ் சாத்திய கதவிடுக்கில்
நார்வேயின் விரலும் நசுங்கியது.

எழுபத்திரண்டில் கதவு திறந்தது.
பள்ளிக்கூட ஜிம்மில்
வாக்குச் சீட்டு எண்ணியவள் நான்.
'வேண்டாம்' சீட்டு ஒன்றில்
மீன்செதில் ஒட்டியிருந்தது.
ஹால்வர் படகைக்கூடக் கட்டாமல் ஓடிவந்தான்:
"நம்ம காட் மீன் நமக்குத்தானே?"
நமக்குத்தான் என்றேன்.

தொண்ணூற்று நான்கு, நவம்பர்.
வராங்கர் கரையில் சூரியன் வராத பகல்.
மறுபடி எண்ணினேன்,
மறுபடி வேண்டாம்.
காபியில் சாராயம் ஊற்றிக் கொண்டாடினான்.
என் சீட்டு எதுவென்று அவன் கேட்கவில்லை,
இன்றுவரை.

ஆனால் அந்த ஜனவரியிலேயே
ஒப்பந்தமொன்று பின்வாசல் வழி வந்துவிட்டிருந்தது;
நகராட்சி ஃபேக்ஸ் தாள் துப்பத் தொடங்கியிருந்தது.
ஏணிக்கு எத்தனை படி, தராசுக்கு என்ன முத்திரை,
மீன் கழுவும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்.
பிரஸ்ஸல்ஸில் எழுதியதை
ஆஸ்லோவில் மொழிபெயர்ப்பார்கள்.
நான் துளையிட்டுக் கோப்பில் கோப்பேன்.

பந்தியில் எங்களுக்கு இலை போடவில்லை,
நாங்கள்தான் உட்கார மாட்டோம் என்றோம்.
மொய் மட்டும் தவறாமல் போகிறது.
சமையல் எப்படி என்று சொல்ல
வாயில்லை.

ஓய்வுபெற்ற அன்று
அலமாரியைக் காலி செய்ய ஹால்வர் வந்தான்.
எங்கள் ஊரின் இரண்டு தேர்தல் சீட்டும்
ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கும்.
கோப்புகள் நாற்பத்தொன்று.

பாதிப் படியில் மூச்சுவாங்க நின்றான்.
"இந்தக் கனம் கனக்குதே, என்ன இது?"

வேண்டாம்னு சொன்னோமே,
அதுதான்.