எண்பத்தியொரு மைல்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்
பிரசவப் பிரிவு இருந்த மாடியில் இப்போது
பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.
அதனால்தான் இந்த ஓட்டம்.
பின்கதவை அடைக்கையில் ஒஸெல்லா கேட்டாள்:
ஜாக்சன் எவ்வளவு தூரம்?
பக்கம்தான் என்றேன்.

பின்னால் லவெல் படிவம் நிரப்புகிறான்.
எத்தனை வாரம்? இருபத்தெட்டு.
முன்பு குறைப்பிரசவம்? ஒன்று, போன நவம்பரில்.
அந்தப் பிள்ளை எங்கே என்று அவன் கேட்கவில்லை.
ரத்தக்கொதிப்பு? மாத்திரை தீர்ந்து ஆறு நாள்,
சம்பளம் வெள்ளிக்கிழமை.
புகைப் பழக்கம்? எனக்கில்லை,
வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தைக் கேள்.
வேலை? கெளுத்தி மீன் ஆலை, தலை வெட்டும் வரிசை.
எத்தனை மணி நேரம் நிற்பாய்?
சிரித்தாள். பாதியில் வலி வந்து
அந்தச் சிரிப்பை மடக்கியது.

பிறகு கேட்காததையும் சொன்னாள்.
உட்கார ஒரு நாற்காலி கேட்டாளாம்.
உனக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றானாம் மேற்பார்வையாளன்.
நீர்க்கடுப்பை மணியடிக்கும்வரை
அடக்கி அடக்கி வெட்டியிருக்கிறாள்.
கிளினிக் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டிருந்தாள்;
கார் வைத்திருந்தவன் மே மாதமே போய்விட்டான்,
காரோடு.

இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை.
லவெல் ஓரத்தில் எழுதினான். ஓரமும் தீர்ந்தபின்
தொடையில் ஒட்டிய வெள்ளை டேப்பில்.

யாஸூ சிட்டி தாண்டிய மேட்டில்
பனிக்குடம் உடைந்தது.
நிறுத்து, என்று லவெல் கத்தினான்.
பருத்திக்கும் தாருக்கும் நடுவே
சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருக்க
என் கையில் பாதிகூட நிரம்பாமல்
ஒரு பெண் வந்தாள்.
அழவில்லை.
தோலுக்குக் கீழே நெஞ்சு ஓடுவது தெரிந்தது.
அப்புறம், பூனைக்குட்டிச் சத்தம் ஒன்று.
சூடு போகாதிருக்க அவளைக் கழுத்துவரை
பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்தான் லவெல்,
கடையில் ரொட்டி கட்டித் தருவது போல.

மிச்ச நாற்பது மைலும்
பள்ளம் ஒவ்வொன்றிடமும் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.
பக்கம்தான் என்றாயே, என்றாள் ஒருமுறை.

ஜாக்சனில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனாள் சின்னவள்.
படிவத்தைப் புரட்டிய டாக்டர்
காரணம் என்ற இடத்தில்
'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
பொய்யில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கண்கள் அவருக்கும்.

வண்டி கழுவும்போது
லவெல் தொடையிலிருந்து டேப்பை உரித்தான்.
வாங்கி என் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டினேன்.
வியர்வையில் மை கலங்கிவிட்டது.
'நாற்காலி' மட்டும்
இன்னும் வாசிக்க முடிகிறது.