மேல் எல்லை

பாலமீன்மடு.
பிவிசி குழாயின் தலையில் ஏறி நின்று
இறக்குகிறார் இஸ்ஸதீன் காக்கா.
பிளந்தால்
மேலே கடல் தள்ளிய வெள்ளை மணல்,
கீழே வாவியின் கருஞ்சேறு.
எல்லையைக் குடைந்து ஒரு நண்டுவளை,
உள்ளே விழுந்த மணலோடு அப்படியே.

"எண்ணெய் இரிக்கா தங்கச்சி?"

இல்லை.
தூரதேசத்தில், மூன்று கிலோமீற்றர் ஆழத்துக் கல்லில்
இதே வரிசை பார்த்தேன். இதே வளை.
அங்கே எண்ணெய் மணலுக்குள் அல்ல,
மணியும் மணியும்
முழுதாய் ஒட்டாமல் விட்ட இடுக்கில் இருந்தது.
பிறகு வந்த சேறு
மூடிக் காத்தது.

"இது எப்ப அப்பிடியாகும்?"

நாலு கோடி வருஷம் போகவேணும்.

மழைக்கறுப்பைப் பார்த்தார்.
"வயலெல்லாம் தாழுது.
நாளைக்கு விடிய ஆத்துவாய் வெட்டு."

குறிப்பேட்டில், வெள்ளை மணலுக்கு நேரே,
எழுதினேன்:
மேல் எல்லை கூர்மையானது.
அரித்தது, மண்வெட்டி.